பிடிக்குதாம்மா என்று நீ கேட்டதற்கு

தம்பி,

நீ கத்தாருக்குப் போய் ஏழு வாரமாகிறது. இந்த விஷயத்தை நான் போனிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் வேலைக்கு நடுவில் படித்துவிட்டு, "பரவாயில்லம்மா, விடுங்க" என்று முடித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். நான் என்ன செய்தாலும் பரவாயில்லை என்று சொல்லியே பழகிவிட்டாய். இந்த முறை அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் நம்ம ஊர் சஞ்சிகைக்கு எழுதிக் கொடுக்கிறேன். அப்பாவிடம் கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போடாத, அவ்ளோதான்" என்றார். அச்சில் ஏறிவிட்டால் நான் நினைத்தாலும் அழிக்க முடியாது. நான்கு பேர் படிப்பார்கள், தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும்.

தீபாவளிக்கு வந்திருந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்து சொல்கிறேன். நான் குசினி மேசையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ எதிரில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு வெகு நேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாய். அப்புறம் கேட்டாய். "அம்மா, எங்க ஆபீஸ்ல பத்துப் பதினஞ்சு வருஷம் ஆன ஆளுங்க யாருக்குமே இந்த வேல புடிக்கலம்மா. பாதி புரோகிராம AI மெஷினே எழுதிருது. நாங்க பார்த்துச் சரின்னு சொல்றோம், இதுக்கா படிச்சோம்னு கேக்குறாங்க. ஒங்களுக்கு இருவத்தெட்டு வருஷம் ஆச்சே, இன்னும் கோட் எழுதப் புடிக்குதாம்மா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. "புடிக்கிறதாவது! நம்மெல்லாம் புடிச்சா வேல செய்றோம்? எல்லாம் ஒனக்காகத்தான் தம்பி. நீ ஆளாகணும்னுதான் இத்தன வருஷமா பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். "இவ்ளோ நாளா இத ஒரு தடவகூட சொல்லலியேம்மா" என்றாய். உன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு லீக்ஸை வெட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் பண்ணினாய். கத்தாரில் ஒரு கம்பனியில் வேலை, ஆட்களை மேற்பார்வை செய்கிற வேலை, கோட் எழுத வேண்டியதில்லை, கையெழுத்தும் போட்டாயிற்று என்றாய். "இனி நான் பார்த்துக்கிறேன். நீங்க வேலைய விட்டுருங்கம்மா. ஒங்களுக்குப் போதும்" என்றாய். கட்டுநாயக்க விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வருஷக் கடைசிக்குள் வேலையை விடுவதாகச் சத்தியம் வாங்கினாய். நான் கொடுத்தேன். நீ திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

தம்பி, அன்று நான் சொன்னது பொய். எனக்கு இந்த வேலை பிடிக்கும். இருபத்தெட்டு வருஷமாகப் பிடிக்கும். சில நாள் உன்னைவிடப் பிடித்திருந்தது. இந்த வரியை நான் மூன்று முறை அழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் அம்மா பொகவந்தலாவையில் முப்பத்தாறு வருஷம் தேயிலை மலைக்குப் போனாள். விடியும்போது பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு, கொழுந்து பறிக்க ஏறுவாள். அவளிடம் யாரும் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். புள்ளைங்களுக்காகத்தான் என்று சொல்லியிருப்பாள், அது முழு உண்மையாகவும் இருந்திருக்கும். எங்கள் லயத்து வீடுகளில் வேலை என்பதற்கு அந்த ஒரு காரணம்தான் உண்டு. அதே லயத்திலிருந்து படித்துப் போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, நேரம் போவதே தெரியாமல் சந்தோஷமாக ஒரு வேலை செய்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவிடமே சொன்னதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதுகு வலிக்குது, கண் எரியுது என்றுதான் சொல்வேன். நீ கேட்டபோதும் என் அம்மாவின் பதிலை எடுத்து என் பதிலாகச் சொல்லிவிட்டேன். அவள் சொல்லியிருந்தால் உண்மை. நான் சொன்னதால் பொய்.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் வாரத்தில் ஐந்து நாள் கொழும்பில்தான் இருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு அறை, கோட்டையில் ஆபீஸ். சனிக்கிழமை விடிகாலை ரயில் வண்டியைப் பிடித்தால் பதினொரு மணி தாண்டி ஹட்டன். வட்டவளை வரும்போது ஜன்னலை இறக்கிவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வேன். ஸ்டேஷனில் அப்பா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே இடத்தில் நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "வேற வழியில்ல தம்பி, அம்மா ஒனக்காகத்தானே போறேன்" என்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொல்லியிருப்பேன்!

எங்கள் கம்பனி அப்போது கப்பல்களுக்கான மென்பொருள் செய்துகொண்டிருந்தது. ஒரு கப்பலில் ஆயிரக்கணக்கான கொள்கலன் பெட்டிகள் ஏறும். முதலில் இறக்க வேண்டிய பெட்டி அடியில் போய்விட்டால் மேலே உள்ளவற்றையெல்லாம் தூக்கி வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். எந்தப் பெட்டியை எதன் மேல் வைப்பது என்று சொல்வதுதான் என் நிரலின் வேலை. கேட்க லேசாக இருக்கும். ஒரு மாதமாக அது எனக்கு வசப்படவில்லை. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது சட்டென்று ஒரு யோசனை வந்தது. பெட்டிகளை ஏற்றும் வரிசையில் யோசிக்காமல், கடைசித் துறைமுகத்திலிருந்து பின்னோக்கி யோசித்தால் என்ன? மறுநாள் காலையில் வண்டிக்குப் போகாமல், அதை மட்டும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போய்விடலாம் என்று ஆபீசுக்குப் போனேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. மேலதிகாரி முந்தின நாளே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் அப்போது போன் இல்லை. பத்து மணி தாண்டி, நம் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்குப் போன் எடுத்தேன். "மாஸ்டரும் மகனும் இப்பதானே எறங்கிப் போனாங்க தங்கச்சி" என்றார். சரி, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன். நீங்கள் திரும்பவில்லை. தூறலில் அடுத்த வண்டிக்கும் நின்றிருக்கிறீர்கள். அம்மா மாறி ஏறியிருப்பாங்க என்று சொல்லி, நீ கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாயாம். அப்பா ரொம்ப நாள் கழித்துத்தான் இதைச் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு மணிபோல நிரல் ஓடியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றுகூடத் தப்பாமல், எங்கே உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்தன. நான் தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். என்னவோ ஏதோவென்று வாசல் காவலாளி படியேறி வந்து பார்த்தார். நான் கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். வெயிலில் கடற்கரை வரைக்கும் நடந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் அது ஒன்று. மூன்று மணிக்கு மேல்தான் உன் நினைவே வந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தபோது, "ஆபீஸ்ல விடலடா, வேற வழியில்லாமப் போச்சு" என்றேன். ஏழு வயதில் நீ சொன்னாய், "பரவாயில்லம்மா."

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதே வருஷம் பட்டதாரிகளுக்கு ஆசிரியர் வேலை கொடுக்கிறார்கள் என்று அப்பா விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். அவரே நிரப்பினார், நான் கையெழுத்துப் போட்டேன். கிடைத்தால் ஹட்டனிலேயே ஒரு பாடசாலை, காலையில் போய் மத்தியானம் வந்துவிடலாம், பயலுக்கும் ஆள் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு பல மாதம் அவர் இரண்டு மூன்று தடவை கேட்டார், ஏதாவது வந்ததா என்று. நான் இல்லை என்றேன். நீயும் ஒருநாள் ஸ்டேஷனில் கேட்டாய், "அம்மா டீச்சர் வேல வரலியா?" இல்லை கண்ணு என்றேன்.

நியமனக் கடிதம் வந்திருந்தது, தம்பி. வெள்ளவத்தை விலாசத்துக்கு வந்திருந்தது. பழுப்பு உறை. பாடசாலையின் பெயர், பொறுப்பேற்க வேண்டிய தேதி எல்லாம் இருந்தது. நம் வீட்டிலிருந்து கால் மணி நேரம் நடக்கிற தூரம். நான் அதைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தால் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். நன்றாகவே சொல்லிக்கொடுப்பேன். ஆனால் நிரல் எழுத மாட்டேன். அதை நினைத்தபோது யாரோ என்னை ஒரு அறையில் வைத்துப் பூட்டுகிற மாதிரி இருந்தது. தேதி தானாகக் கடந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன். கடந்துபோனது. அதற்குப் பிறகு கொரோனா வரும் வரைக்கும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேறு வழியில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டுதான் வண்டி ஏறினேன்.

ஒரு பெண் தன் வேலையை விரும்பியது குற்றமில்லை. இந்த வயதில் அதை நான் யாரிடமும் சொல்வேன். உன் அப்பா கொழும்பில் வேலை செய்திருந்தால் ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். போக வேண்டும் என்று ஆசைப்பட்டதை நான் தப்பென்று சொல்லவில்லை. அந்த ஆசையை உன் பேரில் எழுதி வைத்தேனே, அதுதான் தப்பு. எனக்குப் பிடித்திருக்கு, அதனால போறேன், ஆனா சனிக்கிழமை கட்டாயம் வந்துருவேன் என்று சொல்லியிருந்தால் நீ கோபப்பட்டிருப்பாய், அழுதிருப்பாய், ஒருவேளை என் சேலையை விட்டிருக்கவே மாட்டாய். அப்படிக் கோபப்பட உனக்கு உரிமை இருந்தது. உனக்காகத்தான் என்று சொன்ன தாயிடம் எந்தப் பிள்ளை கோபப்பட முடியும்? நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால், நீ உனக்காகச் செய்கிற எதையும் அதன் தலையில் கட்டாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் புத்திமதி இது ஒன்றுதான்.

கொரோனா வந்து ஆபீஸை மூடியபோது நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தேன். அன்றிலிருந்து வீட்டில்தான் வேலை. ஊரடங்கு முடிந்ததும் நீ படிக்கப் போனாய், அப்படியே கொழும்பில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாய். நான் வந்து சேர்ந்தபோது நீ கிளம்பிவிட்டாய். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இப்போது மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீஸில் சொன்னது பொய்யில்லை. நான் என்ன வேண்டுமென்று நாலு வரி சொன்னால் அது நூறு வரி எழுதித் தருகிறது. பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. நான் ஒரு மாதம் கிடந்து தவித்த பெட்டிக் கணக்கு போல ஒன்றை அது கேட்டவுடன் எழுதிக் கொடுத்த அன்று, நான் எழுந்துபோய்த் துணி துவைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் குழுவில் என் வயதுக்காரி நிலந்தி இருந்தாள், நானும் அவளும் ஒரே மாதம் சேர்ந்தவர்கள். அவள் போனில் சிங்களத்தில் சொன்னாள், "எனக்குப் போதும். முன்னாடி எழுதினேன். இப்ப கையெழுத்து மட்டும் போடுறேன். இதுல ஒரு ருசியும் இல்ல." அவள் நிஜமாகவே விட்டுவிட்டாள். கம்பஹாவில் அந்தூரியம் பூ வளர்க்கிறாள். அவள் குரலில் கவலையே இல்லை. அவளுக்குப் பிடித்தது எழுதுவது. அது போனதும் அவளும் போய்விட்டாள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

எனக்கும் அந்த ருசியில் பாதி போய்விட்டதுதான். அந்தச் சனிக்கிழமை சிரித்த மாதிரி இனி சிரிப்பேனா என்று தெரியாது. ஆனால் போன மாசியில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் எழுதியதை, வெளியே பனிமூட்டமாக இருந்த ஒரு காலையில், அவசரமில்லாமல் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். சோதனை எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது. எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு இடத்தில் என்னவோ இடித்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பிடிபட்டது. மீன் ஏற்றுகிற குளிர்பெட்டிகளையும் சாதாரணப் பெட்டி போலவே அது அடுக்கிக்கொண்டிருந்தது. வரிசை கச்சிதமாக இருந்தது, ஆனால் சில குளிர்பெட்டிகள் மின்சாரம் எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்திருந்தன. கப்பல் ஊர் போய்ச் சேரும்போது மீன் அழுகியிருக்கும். அதைத் திருத்துவதற்கு நான் பதினோரு வரியை எடுத்துவிட்டு, நாலு வரி என் கையால் எழுதினேன். எழுதி முடித்தபோது அப்பா பாடசாலை விட்டு வந்துவிட்டார். காலைச் சாப்பாடு மேசையில் அப்படியே இருந்தது. "என்ன, மொகமெல்லாம் பிரகாசமா இருக்கு?" என்று கேட்டார்.

அதனால் என் பதில் இதுதான். எனக்கு இன்னும் பிடிக்கிறது. இளமையில் எழுதுவது பிடித்தது. இப்போது படிப்பதும், எங்கே உடையும் என்று மோப்பம் பிடிப்பதும், தேவையில்லாததை எடுத்துப் போடுவதும் பிடிக்கிறது. சில நாள் காலையில் மெஷினை மூடி வைத்துவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைச் சும்மா எழுதிப் பார்க்கிறேன். முன்பைவிட மெதுவாகத்தான் வருகிறது. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

உனக்குக் கொடுத்த சத்தியப்படி போன மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கொடுத்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன சனிக்கிழமை மத்தியானம் அப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணுங்க" என்றேன். "அந்த டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டோமே. அதுக்குக் கடிதம் வந்துச்சுங்க. நான்தான் மறச்சுட்டேன்."

அவர் பேனாவை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"வலயக் கல்வி ஆபீஸ்ல பட்டியல் ஒட்டியிருந்தாங்க. ஒன் பேரு நாலாவதா இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"அப்புறமும் கேட்டீங்களே, கடிதம் வந்துச்சான்னு."

"நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். நீ சொல்லல. சரின்னு விட்டுட்டேன்."

"என்னய திட்டியிருக்கலாமேங்க. கூப்பிட்டிருக்கலாமே."

இப்போதுதான் பேனாவை வைத்தார். "கூப்பிட்டா வந்திருப்ப. வந்து, தெனம் சாக்பீஸ பிடிச்சிக்கிட்டு அந்த வேலையவே நெனச்சிக்கிட்டு இருப்ப. அத நான் பக்கத்துல இருந்து பார்க்கணும். என்னால முடியாதுன்னு தோணுச்சு. எனக்கும் கோவம் இல்லாம இல்ல. ரெண்டு மூணு வருஷம் இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு." திருத்திய தாள்களை அடுக்கி வைத்தார். "நான் தெரிஞ்சுதான் விட்டேன். அது வேற. ஆனா பயலுக்கு ஒன்னும் தெரியாது புள்ள. அவன்கிட்ட நீயும் கேக்கல, நானும் கேக்கல."

பத்தொன்பது வருஷம் ஒரு மனிதன் இதை மனதில் வைத்துக்கொண்டு, நான் வந்த சனிக்கிழமைகளிலெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து நின்றிருக்கிறார். நான் அழுதேன். அவர் என்னை அழ விட்டுவிட்டு, மிச்சத் தாளைத் திருத்தினார்.

திங்கட்கிழமை ராஜினாமாவைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன்னிடம் கேட்காமல் உனக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன், அதற்காக என்னை நீ திட்ட வேண்டும். பரவாயில்லை என்று சொல்லாதே. அங்கே உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் இரு. எனக்காக இருக்க வேண்டாம். நான் கஷ்டப்படவில்லை, கஷ்டப்பட்டதும் இல்லை. நீ நினைத்து நினைத்து வருத்தப்பட்ட அந்த அம்மா நிஜத்தில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மூன்று வருஷம் வேலை செய்த ஒரு பிள்ளை, டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்து தாயிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கிறான் என்றால், அவன் மனதில் ஏதோ ஓடுகிறது என்றுதானே அர்த்தம். நான் கத்தியை வைத்துவிட்டு, "ஏன் தம்பி கேக்குற, ஒனக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னைப் பற்றி என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், உன்னைக் கேட்க மறந்துபோனேன். நீ எழுதிய ஒரு வரி கோடைக்கூட நான் பார்த்ததில்லை. நீ எழுதும்போது எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கு அது பிடித்திருந்ததா, பிடித்திருந்தும் எனக்காக விட்டுவிட்டுப் போனாயா என்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. காலையில் உனக்குப் போன் எடுக்கிறேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.

அம்மா